ஸ்மால் செல் நுரையீரல் புற்றுநோய்: இம்யூனோதெரபியோடு எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது

2021-இல் எங்கள் பெரியப்பாவுக்கு நுரையீரலில் ஸ்மால் செல் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த அன்று, மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு முடிவெடுத்தோம். கீமோவோடு, உடலின் நோயெதிர்ப்பையே புற்றுநோய்க்கு எதிராக அவிழ்த்துவிடும் இம்யூனோதெரபியும் சேர்த்தால் நல்லது என்றார் மருத்துவர். செலவையும் சொன்னார். "சேர்த்தே கொடுத்துடுங்க சார், பணத்தைப் புரட்டிட்டு வந்துடறோம்" என்றான் அண்ணன். ஊருக்குப் போய் நிலத்தை அடமானம் வைத்துத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கீமோவைக்கூடத் தொடங்கவில்லை. எல்லாம் சேர்த்தே ஆரம்பிக்கலாம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். முதல் நாள் தானே படியேறி வந்தவரை, மூன்றாவது வாரம் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

எட்டு மாதம் இருந்தார். அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றிக் கண்ணில் பட்ட ஆய்வுகளையெல்லாம் படித்து வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வராந்தாவில் இன்றைக்கு நிற்கும் குடும்பத்துக்கு, எங்களுக்கு அன்று இல்லாத சில வழிகள் இருக்கின்றன. 2024, 2025 இரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்த நோய்க்கு வந்த முன்னேற்றம், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் வந்ததைவிட அதிகம். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயின் வேகம்

நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை ஸ்மால் செல் வகை. ஏறக்குறைய எல்லோருமே புகைபிடித்தவர்கள். செல் பெருகுவதைக் கட்டுக்குள் வைக்கும் டிபி53, ஆர்பி1 என்ற இரண்டு மரபணுக்களும் பெரும்பாலும் எல்லோருக்குமே கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் இந்த வேகம். கண்டுபிடிக்கும்போதே மூன்றில் இரண்டு பேருக்கு நோய் மார்பின் ஒரு பக்கத்தைத் தாண்டிப் பரவியிருக்கும். அதை எக்ஸ்டென்சிவ் ஸ்டேஜ் என்கிறார்கள். ஒரே கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வட்டத்துக்குள் அடங்கிவிட்டால் லிமிடெட் ஸ்டேஜ். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. ஆகவே பெட் ஸ்கேனும் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்து இதை உறுதிசெய்யாமல் மேலே பேசிப் பயனில்லை.

எட்டோபோசைடும் ஒரு பிளாட்டினம் மருந்தும் சேர்ந்த கீமோ 1980-களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் நோய் இதற்கு நன்றாக மசியும். இரண்டு சைக்கிளில், அதாவது இரண்டு சுற்று மருந்தில், முக வீக்கம் வடிந்துவிடும், மூச்சு சீராகும், வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடும். பிறகு சில மாதங்களில் திரும்பி வரும். திரும்பி வருவது பழைய மருந்துக்கு அடங்காது.

இம்யூனோதெரபி என்ன கொடுத்தது, ஏன் அதோடு நின்றது

2018-இல் வெளியான இம்பவர்133 ஆய்வில் 403 பேர். கீமோவோடு அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோ மருந்தைச் சேர்த்தவர்களின் ஆயுள் நடுமதிப்பு 12.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 10.3 மாதம். நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள், பாதிப்பேர் தாண்டவில்லை என்று பொருள். அடுத்த ஆண்டு வெளியான காஸ்பியன் ஆய்வில் டுர்வாலுமாப்புக்கும் ஏறத்தாழ இதே பலன். இரண்டு மாதத்துக்கா நிலத்தை அடமானம் வைத்தோம் என்று அப்போது மனம் கசந்தது. அந்தக் கசப்பு முழுக்கச் சரியில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. காஸ்பியனில் மூன்று ஆண்டு முடிவில், டுர்வாலுமாப் பெற்றவர்களில் 17.6 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 5.8 விழுக்காட்டினர். அட்டிசோலிசுமாப் பெற்றவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சராசரி ஆளுக்குச் சிறு பலன், சிலருக்கு மட்டும் மிகப் பெரிய பலன். இம்யூனோதெரபியின் கணக்கு அப்படித்தான் விழுகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல இன்றுவரை நம்பகமான பரிசோதனை இல்லை. நுரையீரல் புற்றுநோயின் மற்ற வகையான நான்-ஸ்மால் செல் நோயில், கட்டியில் பி.டி.எல்.1 என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை மிக முக்கியம். ஸ்மால் செல்லில் அதை வைத்து மருந்தை முடிவு செய்வதில்லை. அதற்குப் பணம் கட்டச் சொன்னால், முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

இந்த மருந்துகள் செய்வது ஒன்றே: நோயெதிர்ப்பின் போர்வீரர்களான நம் டி செல்களுக்குப் போட்டிருக்கும் மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிடுவது. கயிறு அவிழ்ந்த காளை பாய வேண்டுமானால் முதலில் அது வாடிவாசலுக்கு வந்திருக்க வேண்டும். ஸ்மால் செல் கட்டிக்குள் டி செல்கள் அதிகம் நுழைவதே இல்லை. நுழைந்தாலும் எதிரியை அடையாளம் காட்ட ஆளில்லை. சாதாரணமாக ஒரு செல் தன் உள்ளே இருக்கும் புரதத் துண்டுகளை எம்.எச்.சி. என்ற தட்டில் வைத்து வெளியே காட்டும், டி செல் அதைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும். ஸ்மால் செல் அந்தத் தட்டையே பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொண்டுவிடுகிறது. இத்தனைக்கும் பல ஆண்டுப் புகையால் இந்த நோயில் மரபணுப் பிழைகள் ஏராளம். காட்டிக்கொடுக்க நிறைய இருக்கிறது, காட்டத்தான் தட்டு இல்லை.

உடல் தானாகவே இந்த நோயை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. லாம்பர்ட்-ஈட்டன் என்ற தசைத்தளர்ச்சி, ஸ்மால் செல் வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் வருகிறது. புற்றுநோயை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தையும் சேர்த்துத் தாக்குவதால் வருவது. இவர்கள் நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படுவார்கள். ஆனால் புற்றுநோயோடு மற்றவர்களைவிட நீண்டநாள் வாழ்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே கத்தி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இவர்களுக்கு இம்யூனோதெரபி கொடுத்தால் தளர்ச்சி மோசமாகலாம். ஆகவே தொடையில் பலமின்மை, வாய் வறட்சி, இமை தொங்குதல் இருந்தால், முதல் டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மூக்கணாங்கயிற்றை அவிழ்ப்பது மட்டும் போதவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு கயிற்றையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். அட்டிசோலிசுமாப்போடு டிராகோலுமாப்பைச் சேர்த்த ஸ்கைஸ்கிரேப்பர்-02 ஆய்வு 2022-இல் தோற்றது. காஸ்பியனிலேயே டுர்வாலுமாப்போடு ட்ரெமிலிமுமாப் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. நோய் திரும்பியவர்களுக்குத் தனி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த நிவோலுமாப்பும் பெம்ப்ரோலிசுமாப்பும், பெரிய ஆய்வுகளில் ஆயுளைக் கூட்டிக் காட்ட முடியாமல், 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் அந்த அனுமதியை விட்டுக்கொடுத்தன. "ரெண்டு இம்யூனோ சேர்த்துப் போட்டா இன்னும் நல்லாக் கேக்கும்ல?" என்று கேட்பவர்களுக்கு, ஸ்மால் செல்லைப் பொறுத்தவரை இதுவரையான பதில் இது.

லிமிடெட் ஸ்டேஜ்: கூடவே கொடுப்பதா, முடித்தபின் கொடுப்பதா

இங்கே முடிவெடுப்பது எளிது. இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே ஆண்டில் எதிரெதிரான பதிலைக் கொடுத்து விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டன.

லிமிடெட் ஸ்டேஜில் கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுப்பதே அடிப்படை. நோயை அடியோடு ஒழிக்கும் நோக்கம் அங்கே உண்டு. ஏட்ரியாட்டிக் ஆய்வில், இவை இரண்டையும் முடித்து நோய் மோசமாகாமல் இருந்தவர்களுக்கு டுர்வாலுமாப்பை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். ஆயுள் நடுமதிப்பு 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்தது. 2024 ஜூனில் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் மாநாட்டின் முக்கிய அமர்வில் இது வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

இன்னோர் ஆய்வில், கரண்ட் வைக்கும் அதே நாட்களிலேயே அட்டிசோலிசுமாப்பையும் தொடங்கினார்கள். பலன் இல்லை. மருந்து சேர்த்தவர்களின் நடுமதிப்பு 33.1 மாதம், சேர்க்காதவர்களுக்கு 39.5 மாதம். மருந்து ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. மாறியது பெரும்பாலும் நேரம்தான். டி செல்கள் பயிற்சி பெறும் நிணநீர் முடிச்சுகளில் கரண்ட் பாயும்போதே மருந்தும் போனால், அவிழ்த்துவிட ஆளே இருக்காது என்பது ஒரு விளக்கம். ஊகம்தான், ஆனால் பொருந்துகிறது.

ஆகவே லிமிடெட் ஸ்டேஜ் என்றால் என் எண்ணம் தெளிவு: கீமோ-கரண்டை இடைவெளி விடாமல் முடிப்பது, ஆறு வாரத்துக்குள் டுர்வாலுமாப்பைத் தொடங்குவது. எதற்காவது கடன் வாங்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது இதற்கு மட்டும்தான். கரண்டுக்குப் பிறகு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்: ஆய்வில் 38 விழுக்காடு, மருந்து பெறாதவர்களுக்கு 30 விழுக்காடு. கடுமையானது இரு பக்கமும் மூன்று விழுக்காட்டை ஒட்டியே. புது இருமலை "சளிதான்" என்று ஒதுக்காமல் சொன்னால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கிவிடும்.

எக்ஸ்டென்சிவ் ஸ்டேஜ்: எந்த மருந்து

பெரும்பாலான குடும்பங்கள் நிற்பது இங்கேதான். முதல் கேள்வியாக மருந்தின் பெயரைத்தான் கேட்பார்கள். எனக்கு அது ஆகக் குறைந்த முக்கியமுள்ள கேள்வியாகவே படுகிறது. அட்டிசோலிசுமாப்புக்கும் டுர்வாலுமாப்புக்கும் பலனில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. எது கிடைக்கிறதோ, எதற்கு விலையில் சலுகை கிடைக்கிறதோ, அது.

செர்ப்ளூலிமாப் என்ற சீன மருந்துக்கு எண்கள் இன்னும் அழகாக இருக்கின்றன. ஆஸ்ட்ரம்-005 ஆய்வில் 15.4 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 10.9. ஐரோப்பாவும் 2025-இல் அனுமதித்தது. ஆனால் ஓர் ஆய்வின் எண்ணை இன்னோர் ஆய்வின் எண்ணோடு வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த ஆய்வில் புகைபிடிக்காதவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், மற்ற ஆய்வுகளில் அவ்வளவு இல்லை. அது போட்டியிட்டதும் கீமோவோடுதான், அட்டிசோலிசுமாப்போடு அல்ல. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும் ஆய்வு அமெரிக்காவில் தொடங்கப்பட்டிருக்கிறது. அதுவரை இதை மூன்றாவது சமமான தேர்வாகத்தான் பார்க்கிறேன்.

சீனாவின் இன்னொரு முயற்சி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் அன்லோட்டினிப் மாத்திரையையும் இம்யூனோ மருந்தையும் கீமோவோடு சேர்த்தது. மொத்தம் நான்கு மருந்து. 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 11.9. பிரமிக்க வைக்கும் எண். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடுமையான பக்கவிளைவு. இங்கும் ஒப்பிட்டது வெறும் கீமோவோடு என்பதால், வழக்கமான மூன்று மருந்தைவிட எவ்வளவு மேல் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

நான்கு சைக்கிளுக்குப் பிறகு: லுர்பினெக்டெடின் சேர்ப்பதா

கீமோ நான்கு சைக்கிளோடு நின்றுவிடும், பிறகு இம்யூனோ மட்டும் தனியாகத் தொடரும். நோய் திரும்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் இங்கே லுர்பினெக்டெடின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துப் பார்த்தது இம்ஃபோர்ட்டே ஆய்வு. நான்கு சைக்கிள் முடித்தபிறகான கணக்கில் ஆயுள் 10.6 மாதத்திலிருந்து 13.2 மாதமாயிற்று, நோய் அடங்கியிருந்த காலம் 2.1 மாதத்திலிருந்து 5.4 மாதமாயிற்று. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஆய்வில் முதலில் சேர்ந்தவர்கள் 660 பேர், இந்தக் கட்டம்வரை வந்தவர்கள் 483 பேர். நான்கில் ஒருவருக்கு மேல் நடுவிலேயே விலக நேர்ந்திருக்கிறது. அதாவது 13.2 மாதம் என்பது, முதல் நான்கு சைக்கிளை நல்லபடியாகத் தாண்டியவர்களின் கணக்கு. பயாப்ஸி வந்த அன்று வராந்தாவில் நிற்பவருக்கு அதை அப்படியே சொல்லக் கூடாது. மூளைக்குப் பரவியவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஸ்மால் செல்லில் மூளைக்குப் பரவுவது சர்வ சாதாரணம், ஆகவே இந்தப் பலன் பலருக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம்.

விலை பணத்தில் மட்டும் இல்லை. கடுமையான பக்கவிளைவு 22 விழுக்காட்டிலிருந்து 38 ஆகிறது. ஆய்வில் வெள்ளணு கூட்டும் ஊசியைக் கட்டாயம் போட்டிருக்கிறார்கள். மருந்துதான் காரணம் என்று சொல்ல முடியாத கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றால் இறந்தவர்களும் இரட்டிப்பு, 2.5 விழுக்காட்டிலிருந்து 5. எல்லாவற்றுக்கும் மேலாக, கீமோ முடிந்து கொஞ்சம் சோறு இறங்கி, பேரப்பிள்ளையோடு திண்ணையில் உட்காரும் அந்தச் சில மாதங்கள் மறுபடி ஊசி நாட்களாகிவிடும். எங்கள் பெரியப்பாவுக்கு நல்லதாக இருந்த காலம் அந்த இரண்டரை மாதம்தான். அதை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. அறுபது வயதுக்குள், நான்கு சைக்கிளும் தாங்கி, எழுந்து நடமாடுகிறவர், மூளை ஸ்கேன் சுத்தம் என்றால் சேர்க்கலாம். தள்ளாடுகிறவருக்கு வேண்டாம் என்பேன்.

நோய் திரும்பினால்: டார்லடாமாப்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த மருந்துதான். மற்றவை கயிற்றை அவிழ்க்கின்றன, இது காளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு கையால் டி செல்லையும் மறு கையால் ஸ்மால் செல்லின் மேலிருக்கும் டி.எல்.எல்.3 என்ற புரதத்தையும் பற்றி, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துவிடும். எம்.எச்.சி. தட்டு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. அந்தப் புரதம் பெரும்பாலான ஸ்மால் செல் கட்டிகளில் மேற்பரப்பில் இருக்கிறது, நல்ல செல்களின் வெளியே அநேகமாக இல்லை.

இதே புரதத்தைக் குறிவைத்து வேறொரு மருந்து முன்பே வந்து தோற்றது. ரோவா-டி என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். விஷ மருந்தை எதிர்ப்புரதத்தில் கட்டி அனுப்பும் முறை அது. 2016-இல் ஆப்வீ நிறுவனம் அதற்காகவே பல நூறு கோடி டாலர் கொடுத்து இன்னொரு நிறுவனத்தை வாங்கியது, மூன்றே ஆண்டில் கைவிட்டது. குறி சரியாகத்தான் இருந்தது, எய்த அம்புதான் தவறு என்பதை டார்லடாமாப் காட்டியிருக்கிறது.

2025-இல் வெளியான டெல்ஃபை-304 ஆய்வில், முதல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய 509 பேர். டார்லடாமாப் பெற்றவர்களுக்கு ஆயுள் நடுமதிப்பு 13.6 மாதம், வழக்கமான கீமோ பெற்றவர்களுக்கு 8.3 மாதம். இவர்களில் பெரும்பாலோர் முன்பே இம்யூனோ மருந்து பெற்று, அதைத் தாண்டி நோய் வந்தவர்கள். கடுமையான பக்கவிளைவு 27 விழுக்காடு, கீமோவுக்கு 62. மூச்சுத்திணறலும் இருமலும் குறைந்ததாகவும் நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள். ஆயுளும் கூடி, தொல்லையும் குறைவது இந்த நோயில் நான் படித்தவரை அபூர்வம்.

ஆனால் முதல் இரண்டு டோஸ் சாதாரண ஊசி அல்ல. டி செல்கள் ஒரேயடியாகக் கிளர்ந்தெழுவதால் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், ஆக்சிஜன் குறைதல் வரும். ஆய்வில் பாதிப்பேருக்குச் சற்று மேல் இது வந்தது. பெரும்பாலும் லேசானது, கடுமையானது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில். முதல் நாளும் எட்டாம் நாளும் மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மொத்தம் 48 மணிநேரம், மருத்துவமனையை ஒரு மணிநேரத்தில் எட்டும் தூரத்தில், துணைக்கு ஆளோடு தங்க வேண்டும் என்பதும் 2024-இல் வந்த அமெரிக்க விதி. நம் ஊரில் இதன் பொருள், மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுப்பது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனால் போதும். வாய் ருசி கெடுவதும் பசி குறைவதும் தொடர்ந்து இருக்கும். சமைக்கிறவர்களுக்கு அதை முன்பே சொல்லிவைத்தால் வீட்டில் மனக்கசப்பு குறையும்.

இவ்வளவு நல்ல மருந்தை நோய் திரும்பும்வரை ஏன் வைத்திருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. டெல்ஃபை-303 என்ற சிறு ஆய்வில், முதல் கீமோ முடிந்தவுடனேயே இதையும் இம்யூனோவையும் சேர்த்து 88 பேருக்குக் கொடுத்தார்கள். ஆயுள் நடுமதிப்பு 25.3 மாதம். இரண்டு மடங்கு! ஆனால் ஒப்பிட எதிர்க்குழு கிடையாது. தாங்கி வந்தவர்களை மட்டும் எண்ணியது. முறையான பதிலை டெல்ஃபை-305 என்ற மூன்றாம் கட்ட ஆய்வுதான் தர வேண்டும். இப்படியான ஆய்வில் சேர வாய்ப்புக் கிடைத்தால், "சோதனை எலியா நாம" என்று பயந்து மறுத்துவிடாதீர்கள். எதிர்க்குழுவில் விழுந்தாலும் கிடைப்பது இன்றைய வழக்கமான சிகிச்சைதான்.

குறைந்த டோஸ் நிவோலுமாப்?

இந்தியாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை மாத்திரைகளோடு கொடுத்து, ஓராண்டு உயிரோடு இருந்தவர்களை 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆக்கினார்கள். ஏழைகளுக்கு இம்யூனோதெரபியை எட்டும்படி செய்த மகத்தான வேலை அது. ஆனால் அந்த நோய் வேறு. ஸ்மால் செல்லில் நிவோலுமாப் முழு டோஸிலேயே, கீமோவுக்குப் பிந்தைய தொடர் மருந்தாக ஆயுளைக் கூட்டவில்லை. அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப்பைக் குறைந்த டோஸில் கொடுப்பதற்கும் இந்த நோயில் அந்த அளவு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. மலிவு என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, 2024 ஜூலை பட்ஜெட்டில் டுர்வாலுமாப்புக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. முழுக்க நீக்கப்பட்ட மருந்துகளில் அட்டிசோலிசுமாப்பும் உண்டு. பில்லில் அது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே கிடைக்காத மருந்தை ஒரு நோயாளியின் பெயரில் வெளிநாட்டிலிருந்து தருவிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-வில் விண்ணப்பிக்கலாம். அதற்கு நாளாகும், நோய் காத்திருக்காது.

நான் இன்று முடிவெடுப்பதானால்

எக்ஸ்டென்சிவ் ஸ்டேஜ் என்று தெரிந்தால், முதல் கீமோவை அந்த வாரமே தொடங்கச் சொல்வேன், கையில் இம்யூனோவுக்குப் பணம் இருக்கிறதோ இல்லையோ. முதல் சைக்கிள் கீமோ மட்டும், இரண்டாவதிலிருந்து இம்யூனோ என்று பல மருத்துவர்களே செய்கிறார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர் முதல் கீமோவுக்குப் பின் எழுந்து நடப்பது இந்த நோயில் நடக்கக்கூடியது. எங்களுக்கு இதை அன்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் சைக்கிளுக்கும் இரண்டாவதற்கும் இடையிலான மூன்று வாரத்தில் பணத்தைப் பற்றி யோசிப்பேன். முதல் வரிசை இம்யூனோ (தொடக்கத்திலேயே கீமோவோடு கொடுப்பது), லுர்பினெக்டெடின், டார்லடாமாப் மூன்றுக்கும் சக்தி உள்ள குடும்பங்கள் குறைவு. ஒன்றுதான் முடியும் என்றால்? எண்களை மட்டும் பார்த்தால் டார்லடாமாப் தரும் ஐந்து மாதம், முதல் வரிசை இம்யூனோ தரும் இரண்டு மாதத்தைவிடப் பெரிது. ஆனால் ஐந்தாம் ஆண்டைத் தொட்ட அந்தப் பன்னிரண்டு பேர் முதல் வரிசையில் மருந்து பெற்றவர்கள். நோய் திரும்பும்போது ஊசி தாங்கும் நிலையில் எல்லோரும் இருப்பதும் இல்லை. ஆகவே முதல் வரிசை இம்யூனோவை நான் விடமாட்டேன். வெட்டுவதானால் நடுவில் உள்ள லுர்பினெக்டெடினை வெட்டுவேன். அதுதான் அதிகம் எடுத்துக்கொண்டு குறைவாகத் திருப்பித் தருகிறது. அந்தப் பணத்தையும் உடம்பையும் டார்லடாமாப்புக்கு மிச்சம் வைப்பேன்.

மூன்றாவது சைக்கிள் நடக்கும்போதே, நோய் திரும்பாமல் இருக்கும்போதே, மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுவேன்: "சார், திரும்பி வந்தா டார்லடாமாப் இங்கே கிடைக்குமா? முதல் ரெண்டு டோஸ் கண்காணிக்க இங்கே படுக்கையும் ஆளும் இருக்கா? இல்லேன்னா எந்த மருத்துவமனைக்குப் போகணும்?" திரும்பி வந்தபின் கேட்டால், விண்ணப்பம் எழுதும் நேரத்துக்குள் நோய் ஓடிவிடும். பெரியப்பாவின் ஃபைலில் கடைசி ஸ்கேனுக்கும் அதற்கு முந்தைய ஸ்கேனுக்கும் இடையில் இருந்தது நாற்பத்தொரு நாள். முந்தையதில் கல்லீரல் சுத்தமாக இருந்தது.